ஒரு வாய்க் காற்று

ஊதிவிட்டாள். ஊத வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. நினைத்திருந்தால் ஊதியிருக்க மாட்டாள். சுகந்தி எதையும் யோசித்துச் செய்கிறவள் என்றுதான் வீட்டிலும் தெருவிலும் பெயர், அந்தப் பெயரை அவளே பாடுபட்டுச் சம்பாதித்திருந்தாள். உதடு தானாகக் குவிந்தது, காற்று தானாக வந்தது, மைனியின் வலது முழங்கை மடிப்பில் மருந்து தடவி ஈரமாகப் பளபளத்த பழுப்பு வட்டத்தின்மேல் போய் விழுந்தது. ஃபூ. ஒரு வாய்க் காற்று. சூடான காபியை ஊதுவதுபோல, குழந்தையின் சிராய்த்த முட்டியில் ஊதுவதுபோல. மைனி "எரியுதுட்டி" என்று முனகினாள், அதுதான் காரணம். முனகியது அவள், ஊதியது இவள், நடுவில் மூளை என்ற ஒன்று எங்கே போயிருந்தது? நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு ட்ரேயில் ஊசியின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "காயணும்மா. அது தானாக் காயணும். அந்த எடத்துல யாரும் கைய வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பியிருந்தாள். அதற்குச் சுகந்தி, "எவ்வளவு நேரம் காயப் போடுவ? வத்தலா போடுத?" என்று கேட்டதும் நடந்திருந்தது. கையைத்தானே வைக்கக்கூடாது என்றாள், வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மனசு உடனே ஒரு வக்கீலை எழுப்பி நிறுத்தியது. நல்ல வக்கீல். கோர்ட்டில் ஒரு ஆள் இல்லாத நேரம் பார்த்து வாதாடுகிற வக்கீல். சீ, உட்கார், என்றாள் அவனிடம். அவன் உட்காரவில்லை.

நர்ஸ் திரும்பினாள். "சின்னக் குத்துதான் ஆச்சி" என்றாள். இப்போது சொல்லிவிடலாம், ஊசி உள்ளே போகுமுன், "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றால் போதும், அதற்காக வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் நாக்கு கடைவாய்ப் பல்லின் பொந்தைத் தேடிப் போயிற்று. பொங்கலுக்கு முன்பே பல் டாக்டரிடம் போயிருக்க வேண்டிய பொந்து. மத்தியானம் கேண்டீனில் தின்ற வடையின் வெங்காயம் இன்னும் அதில்தான் குடியிருந்தது. அதைத் தொட்டுவிட்டு வந்த காற்றுதான் அது. ஊசி உள்ளே போய்விட்டது. மைனியின் நரம்பு சாமானியத்தில் அகப்படாது, காலையில் ட்ரிப்ஸ் ஏற்ற வந்தவள் இடது கையைச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தாள். இன்றைக்குப் பார்த்து, இந்தக் குத்துக்குப் பார்த்து, முதல் தடவையிலேயே கிடைத்தது. ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாயில் ஏறியது. அதைப் பார்த்து "அப்பாடா, கெடச்சிட்டு" என்று சொன்னது யார் குரல் என்று பார்த்தால் தன் குரல்.

மைனி என்றால் சுகந்தியின் கணவர் குற்றாலலிங்கத்தின் அக்கா, ஆவுடையம்மாள். புருஷன் போனதும் தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், அந்த மாதம் இன்னும் முடியவில்லை, சுகந்தி இதை விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள், மைனியும் சேர்ந்து சிரிப்பாள். இப்போது ஒரு வாரமாகக் காய்ச்சல், வருவதும் போவதுமாக. வேறு ஆளென்றால் ஒரு மாத்திரையோடு போயிற்று. மைனியின் நெஞ்சுக்குள் உலோக வால்வு ஒன்று இருக்கிறது, மதுரையில் வைத்தது. அமைதியான இடத்தில் பக்கத்தில் நின்றால் அது கேட்கும், டிக் டிக் என்று, யாரோ பொறுமையிழந்து நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல. பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் அதைத்தான் சொன்னார். "வால்வுல கிருமி போய் ஒக்காந்திருச்சோன்னு ஒரு சந்தேகம்மா. பெரும்பாலும் நம்ம வாயில இருக்கிற கிருமிதான் அங்க போய் ஒட்டும், பல்லு வழியா ரத்தத்துல எறங்கி. அதுக்குத்தான் பிளட் கல்ச்சர். ரத்தத்த பாட்டில்ல விட்டு வளத்துப் பாப்போம். வாய்க்கிருமி வளந்துச்சுன்னா வாரக்கணக்குல ஊசி, அதுக்கும் மசியலைன்னா திருப்பி நெஞ்சத் தொறக்கணும். ஏற்கெனவே பழுதான இந்தக் கிட்னிய வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் பேனாவைப் பையில் குத்திக்கொண்டார். "ஒண்ணு. ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் கல்ச்சர். ஆரம்பிச்சிட்டா அப்புறம் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல." சுகந்தி தலையை ஆட்டினாள். கான்வென்டில் படித்தவள், ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். இதையும் பிடித்துக்கொண்டாள். நம்ம வாயில இருக்கிற கிருமி. நம்ம வாய். என்னுடைய வாய்.

இரண்டு பாட்டில்கள், அடியில் சூப்பு மாதிரி ஏதோ திரவம். ரத்தத்தை விடுமுன் நர்ஸ் பாட்டில்களின் ரப்பர் மூடியைக்கூட ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அதையும் காயவிட்டு வைத்திருந்தாள். யாரும் தொடாத, உறைக்குள் இருந்த மூடி அது. அதற்கே அவ்வளவு மரியாதை. இரண்டையும் இந்தக் கை ரத்தமே நிரப்பியது, இடது கையில் ட்ரிப்ஸ் ஓடுவதால் அங்கே எடுத்தால் மருந்துத் தண்ணீர் கலந்துவிடுமாம். ஆக ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கை ரத்தம் சாட்சிக்கு இல்லை. நர்ஸின் மார்பில் ஜெபமலர் என்று பெயர் குத்தியிருந்தது. முப்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே இரண்டு ஷிப்ட் தூக்கம் கட்டித் தொங்கியது. இந்த ஜெபமலர் அறைக்குள் நுழைந்ததும் சுகந்தி கேட்ட முதல் கேள்வி, "கைய கழுவுனியா?" "கழுவிட்டுத்தாம்மா வந்தேன்." "நான் பாக்கலியே. என் முன்னாடி கழுவு." அவள் மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய்க் கழுவினாள், சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். "வெரலிடுக்கு?" என்றுகூடக் கேட்டாள். வெரலிடுக்கு! அந்த வார்த்தை இப்போது காதுமடலில் வந்து உட்கார்ந்து சுட்டது. முந்தாநாள் விரிப்பில் கறை இருந்ததற்கு மேனேஜர் அறை வரை போய் இங்கிலீஷில் கிழித்துவிட்டு வந்தவள் அவள். இந்த மாடியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இல்லாமல் இருக்காது. டெட்டால் அம்மா. இல்லை, இன்னும் மோசமாக வைத்திருப்பார்கள், வைக்கத் தெரிந்தவர்கள்தானே. வெரலிடுக்கில் ஒரு கிருமி இருக்கக்கூடாது என்று நின்றவள், எச்சில் காற்றை நேராகக் கொண்டுபோய் ஊசி இறங்குகிற இடத்தில் ஊதினாள். சொன்னால் சிரிப்பாளா? சிரிக்க மாட்டாள். சிரிக்காமல் "பரவாயில்லம்மா" என்பாள். அதுதான் தாங்காது.

எச்சில். அந்த வார்த்தைக்குத்தான் மனசு சுற்றிச்சுற்றிப் போகும் என்று தெரியும், போகாமல் வேறு பக்கம் திருப்பத்தான் விரிப்பு, வெரலிடுக்கு, மேனேஜர் எல்லாம். அங்கேதான் வந்து நின்றது. மைனி வீட்டுக்கு வந்த புதிதில் குழம்பைக் கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் விடாமல், கரண்டியையே வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு போதும்" என்று அதே கரண்டியைக் குழம்புக்குள் விட்டாள். சுகந்தி அந்தக் குழம்பைச் சட்டியோடு கொட்டினாள், மைனி பார்க்கக் கொட்டினாள். தண்ணீரை அண்ணாந்து குடிக்க வராது மைனிக்கு, மூச்சு இரைக்கும், டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சித்தான் குடிப்பாள். அதனால் சுகந்தி ஒரு டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். அது மைனி டம்ளர். கழுவினாலும் தனியாகக் கவிழும். "என்னட்டி, டம்ளருக்குப் பொட்டெல்லாம் வச்சு அழகு பாக்க?" என்று மைனி கேட்டபோது, "சும்மா, அடையாளத்துக்கு மைனி, விசேஷத்துக்கு எடுத்துக் குடுத்தா மாறிப் போயிருதுல்லா" என்று சொன்னாள், நல்ல பொய், வாய் கூசாமல் வந்தது. பாலிஷ் தேயத்தேய புதிதாக வைப்பாள். தன் நகத்துக்கு வைக்க மறந்த நாட்களிலும் அதற்கு வைத்திருக்கிறாள். அந்த டம்ளர்தான் இப்போது கட்டிலை ஒட்டிய அலமாரியின் மேல் கவிழ்ந்து, பொட்டை மேலே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பையில் எடுத்து வைத்ததும் இவள்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் எச்சில் தனி.

அதோடு நிற்கிறதா? நிற்கவில்லை. கல்ச்சர் என்று டாக்டர் சொன்னதுமே உள்ளே எங்கோ ஒரு ஊசி குத்தியது, காலையில் அது என்னவென்று பார்க்க நேரமில்லை, இப்போது நேரமிருந்தது. கல்ச்சர் இல்லாத குடும்பம். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து அம்மாவுக்கு போன் பண்ணும்போதெல்லாம் சொன்ன வாக்கியம், அப்போது போன் கூடத்தில் இருந்தது, மைனி வந்த பிறகும் விடவில்லை, அவள் அடுக்களையில் இருப்பாள், கல்ச்சர் என்ற சொல் மட்டும் இங்கிலீஷில் போகும் என்பதால் மைனிக்குப் புரியாது என்று ஒரு கணக்கு. சத்தமாகச் சாப்பிடுகிறார்கள், கல்ச்சர் இல்லை. கதவைத் தட்டாமல் வருகிறார்கள், கல்ச்சர் இல்லை. இப்போது இரண்டு பாட்டிலில் கல்ச்சர் எடுத்தாயிற்று. அது வளரும். வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து வளர்ப்பார்கள், கான்வென்ட் கல்ச்சர், கடைவாய்ப் பல் கல்ச்சர், வெங்காய வடைக் கல்ச்சர். வளர்ந்து மைனியின் பெயரில் ரிப்போர்ட்டாக வரும். ஆவுடையம்மாள் ரத்தத்தில் வாய்க்கிருமி. யார் வாய் என்று அதில் போட்டிருக்காது.

ஏன் ஊதினாள்? அதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது, கிருமியைவிட அது வெட்கமாக இருந்தது. மகன் கார்த்திக் ஸ்கூல் சேராத வயசில் வாசல்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். சுகந்தி டெட்டாலும் பஞ்சுமாக ஓடிவருகிறாள், அதற்குள் மைனி அவனை மடியில் போட்டுக்கொண்டு ஊதுகிறாள், ஃபூ, ஃபூ, போயிருச்சு, பாரு, வலி பறந்து போவுது பாரு, அதோ அந்த முருங்க மரத்துல போய் ஒக்காந்துட்டு. "எச்சி படுத்தாதீங்க மைனி! ஒங்க வாயில எவ்வளவு கிருமி இருக்கும்னு தெரியுமா?" என்று சுகந்தி பிள்ளையைப் பிடுங்கினாள். பிடுங்கி டெட்டால் போட்டாள். பிள்ளை கத்திக்கொண்டே அத்தை பக்கம் கையை நீட்டினான், "ஊது, ஊது" என்று. மைனி ஊதவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், விளையாட்டுக்குப் போல, கண்ணை மட்டும் அவனுக்கு உருட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாருக்கும் ஊதவில்லை. சுகந்தி பெற்ற பிள்ளைக்குக்கூட ஊதினது கிடையாது. அப்படியென்றால் இது எங்கேயிருந்து வந்தது, இந்த உதடு குவிவது, இந்தக் காற்று? படித்தது அந்த அம்மாளிடமிருந்துதான், இத்தனை வருஷம் வைதுகொண்டே படித்திருக்கிறாள். கடைசியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மைனியிடம் பாசமாக ஒரு காரியம் செய்தாள், அது பார் எங்கே போய்ச் செய்திருக்கிறாள். விஷம் வைத்தவளைக்கூட ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். ஊதினவளை என்ன கேட்பார்கள்? அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பதிலை மைனி பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன் அடித்தது. கணவர்தான், தூத்துக்குடிக்கு ஆபீஸ் வேலையாகப் போனவர். "என்ன, ரத்தம் எடுத்தாச்சா?" "ஆச்சு." "அக்கா கத்துனாளா?" "இல்ல, ஒரே குத்துல கெடச்சிட்டு." "நீ பக்கத்துலயே நின்னியா? அந்த நர்ஸ் பிள்ளைய கண்டபடி வையாத, என்ன." "நான் ஏன் வைய? எல்லாம் சுத்தமா எடுத்தாங்க, நான் பாத்துட்டுத்தானே நின்னேன்." சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று தெரிந்தது. பொய்யில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அவர்கள் சுத்தமாகத்தான் எடுத்தார்கள், அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு இவளை ஒரு பார்வை பார்த்தாள். அல்லது பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தாள், அது இவள் தலைக்கு மேலே இருந்தது. போனைப் பைக்குள் போட்டாள். அவர் மனுஷர், சொன்னால் சொன்னதை நம்புகிறவர். நாளை மறுநாள் ரிப்போர்ட் வந்ததும் அவருடைய அக்காவின் கட்டிலோரம் நின்று கண்ணைத் துடைப்பார், சுகந்தி முதுகைத் தடவிக்கொடுப்பாள். அந்தக் காட்சி அப்படியே வந்து கண்முன் நின்றது, தான் தடவிக்கொடுக்கிற கை உட்பட, வளையல் உட்பட.

ஜெபமலர் பாட்டில்களை ட்ரேயில் நிமிர்த்தி வைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டினாள். பிறகு ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள், உள்ளே வெள்ளைப் பொடி. அதற்குள் தண்ணீரை ஏற்றி உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டத் தொடங்கினாள். ஊசி. ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எடுத்துப் பிரயோஜனம் இல்லாத ஊசி. பொடி கரைந்துகொண்டிருந்தது, கட்டிகட்டியாக மிதந்தது, கரைந்துகொண்டிருந்தது. மைனியின் நெஞ்சு டிக் டிக் என்றது. ஒருவேளை காற்று படவே இல்லையோ. ஒருவேளை மருந்து அந்தக் கிருமியையும் கொன்றிருக்குமோ, அதற்குத்தானே தடவுவது, ஈரமாகத்தானே இருந்தது, அப்போது அது வேலை செய்துகொண்டுதானே இருந்திருக்கும். ஒருவேளை மைனிக்கு நிஜமாகவே வால்வில் கிருமி இருந்தால், அப்போது யார் ஊதினாலும் ஊதாவிட்டாலும் ஒன்றுதானே. அடி சண்டாளி, என்றாள் தனக்குத்தானே. உன் மானத்தைக் காப்பாற்ற மைனி நெஞ்சில் கிருமி இருக்கட்டும் என்று வேண்டுகிறாயா? இருந்தது அந்த வேண்டுதல், மறைக்க முடியவில்லை, எண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. காது மட்டுமில்லை, கழுத்து, புடவை மறைத்த தோள் எல்லாம் சுட்டது. யாருமே பார்க்காத இடத்தில் இப்படி வெட்கப்பட முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கம் என்றால் நாலு பேர் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

கான்வென்டில் அவள் கிளாஸ் லீடர். சிஸ்டர் அகத்தா வெளியே போகும்போது சாக்பீஸை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுத. எழுதினாள், ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எழுதினாள், குண்டு எழுத்தில், தோழி என்றும் பார்க்காமல். நகம் வளர்த்தவள், கைக்குட்டை கொண்டுவராதவள், பென்சிலை வாயில் வைத்தவள், எல்லாம் அவள் கண்ணில்தான் படும். அவள் பெயரை எழுத ஆள் இல்லை, சாக்பீஸ் அவளிடம் இருந்தது. அந்த சாக்பீஸை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம், கல்யாணத்துக்குக் கொண்டுவந்தாள், அடுக்களைக்குக் கொண்டுவந்தாள், இந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்து நிற்கிறாள். சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டு வளர்ந்த வாய், இப்போது இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். வாக்கியத்தை இங்கிலீஷில் அடுக்கிப் பார்த்தாள். இங்கிலீஷில் நன்றாக வந்தது. அதில் சொன்னால் தப்பு மாதிரி இருக்காது, தகவல் மாதிரி இருக்கும், ஊதினது தான் என்றே இருக்காது, காற்று ஒன்று பட்டிருக்கக்கூடும் என்று இருக்கும். ஜெபமலர் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. பொடி ஒரு பொட்டுக்கூட இல்லை. சிரிஞ்சில் உறிஞ்சினாள்.

"நான் ஊதிட்டேன்."

குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று நினைக்கவில்லை. இங்கிலீஷ் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. "சிஸ்டர், போடாதீங்க. நான் ஊதிட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்புனீங்கல்லா, அப்ப, மருந்து காயுறதுக்கு முன்னாடி, அவங்க எரியுதுன்னாங்க, நான்... வாயால ஊதிட்டேன்." ஜெபமலர் சிரிஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. "பாத்தேம்மா" என்றாள் ஜெபமலர். "பாத்தியா?" "பாக்கலை, கேட்டேன். சத்தம் கேட்டுச்சு." "பெறவு ஏன்டி சொல்லல?" டி என்று வந்துவிட்டது. ஜெபமலர் சிரிஞ்சுக்கு மூடி போட்டு ட்ரேயில் வைத்தாள், நிதானமாக வைத்தாள். "என்னத்தச் சொல்ல? கையக் கழுவுனதுக்கே நீங்க வெரலிடுக்குப் பாத்தீங்க. ஊதிட்டீங்கன்னு சொன்னா, நான் எப்ப ஊதுனேன்னு கேப்பீங்க, கீழ ஆபீஸ்ல போய் நிப்பீங்க. எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு." கண்ணை இவள்மேல் வைக்காமல் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்புத்தாம்மா. சொல்லியிருக்கணும். டாக்டர் வந்தா சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னே இருந்தேன். ஊசியும் கலந்துட்டேன்." அவள் காதும் சிவந்திருந்தது. இந்த வாயைப் பார்த்துப் பயந்து ஒருத்தி, ஒரு உயிர் போகிற காரியத்தை மென்று முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முழுங்கியிருப்பார்கள். வாய்க்கிருமி, வாய்க்கிருமி என்று இவ்வளவு நேரம் பல்லின் பொந்தைத் துழாவிக்கொண்டிருந்தாளே. "ஆபீசுக்கெல்லாம் போகமாட்டேன்" என்றாள் சுகந்தி. சொன்னது தனக்கே நம்புகிற மாதிரி இல்லை. "திருப்பி எடுத்துரு. டாக்டர் கேட்டா நான்தான்னு சொல்லு. நானே சொல்லுதேன்."

ஜெபமலர் இரண்டு பாட்டில்களையும் எடுத்துப் போய், கழிவு வாளியில் போட்டாள். மைனியின் ரத்தம் டொக் டொக் என்று விழுந்தது. பிறகு புதுப் பாட்டில் எடுக்க வெளியே போனாள். அறையில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். மைனி கண்ணைத் திறந்திருந்தாள், எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தாள் என்று தெரியவில்லை. "என்னட்டி, எதுக்குத் திருப்பி எடுக்கணும்னு சொல்லுத? ரத்தம் என்ன குழாயிலயா வருது?" நர்ஸிடம் சொன்னது ஒத்திகைதான், இதுதான் நிஜம் என்று சுகந்திக்குத் தெரிந்தது. "நான் ஊதிட்டேன் மைனி. ஒங்க கையில. என் எச்சி பட்டுருக்கும், அதான்." மைனி கூரையைப் பார்த்தாள். மைனியின் வாய்க்கோணம் மெல்ல ஒரு பக்கமாக ஏறியது, காய்ச்சலில் வெடித்திருந்த உதடு. "என் டம்ளருக்கு இத்தன வருசம் பொட்டு வச்ச" என்றாள். "இப்ப ஒன் வாய்க்குல்லா வைக்கணும் பொட்டு." சுகந்தியின் கண் தானாக அலமாரிக்குப் போயிற்று, சிவப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பொட்டு. தெரிந்திருக்கிறது. தெரிந்தே உறிஞ்சிக் குடித்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும், காலையும் மாலையும், ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "மைனி" என்றாள். "சும்மா கெட" என்றாள் மைனி. "ஊதத்தான செஞ்ச. கடிச்சியா என்ன?"

ஜெபமலர் வந்தாள். பேசினுக்குப் போய்க் கை கழுவினாள், யாரும் கேட்காமலே விரலிடுக்கையும் கழுவினாள், சுகந்தி வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அதே வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே, புறங்கைப் பக்கம், ஒரு நரம்பைத் தடவித்தடவிக் கண்டுபிடித்தாள். அங்கே தோல் கடுதாசி மாதிரி இருந்தது. ஸ்பிரிட் தடவினாள். காயவிட்டாள். பழுப்பு மருந்தை நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாகத் தடவினாள். மைனி பல்லைக் கடித்தாள். "எம்மா... எரியுதே." பழுப்பு வட்டம் ஈரமாகப் பளபளத்தது. எவ்வளவு நேரம்தான் காயும் அது, ஃபேன் கூட வேண்டாம் என்று ஜெபமலர் நிறுத்திவிட்டாள், அறையில் ஒரு காற்று அசையவில்லை, எல்லாரும் அந்த ஒரு பொட்டு ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வத்தல் காயட்டும்" என்றாள் மைனி, யாரிடமும் இல்லாமல். ஜெபமலர் சிரித்துவிட்டாள், உடனே வாயை மூடிக்கொண்டாள், சுகந்தியைப் பார்த்தாள். மைனியின் விரல்கள் விரிப்பைப் பிசைந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் சுகந்தியின் உதடு மறுபடியும் தானாகக் குவிந்தது, குவிவதை அவள் இந்தத் தடவை கூடவே இருந்து பார்த்தாள், புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பந்தாக்கி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள், மூக்குக் காற்றை எவன் நம்புவான். நெஞ்சு முட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது மூச்சு பிடித்ததால்தான் என்று வைத்துக்கொண்டாள். டிக் டிக் என்று மைனியின் வால்வு அவசரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. வட்டத்தின் ஓரம் மங்கத் தொடங்கியது, நடுவில் மட்டும் இன்னும் ஒரு துளி மினுக்கியது. மைனி தலையை லேசாகத் திருப்பி, வாய் நிறையப் புடவையோடு நிற்கிற தம்பி பெண்டாட்டியைக் கீழேயிருந்து மேலே ஒரு தடவை பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பி மூச்ச விடுட்டி" என்றாள். "நீ செத்துகித்து வச்சேன்னா எந் தம்பிக்கு யாரு சோறு பொங்க?"